குஞ்சின் ஆண் பெண் அறிதல்: குடியானவர் கவனத்துக்கு

வடசென்னையில் இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை செல்லும் தெருக்களில், பள்ளிக்கூடம் விடும் வேளைகளிலும் திருவிழாக் காலங்களிலும், சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் ஏற்றிய கோழிக் குஞ்சுகளைக் கூடையில் நிரப்பி விற்போரைக் காணலாம். சிறுவர்கள் ஆசையோடு வாங்குகின்றனர். அட்டைப் பெட்டியில் இரண்டொரு நாள் இருந்து, குளிராலும் பட்டினியாலும் அவற்றுள் மிகப் பல மாண்டுபோகின்றன. இக்குஞ்சுகள் இத்துணை மலிவாகக் கிடைப்பதன் காரணத்தை வாங்குவோரும் கேட்பதில்லை, விற்போரும் சொல்வதில்லை. அவை பெரும்பாலும் சேவற் குஞ்சுகள். முட்டைக் கோழி இனங்களின் குஞ்சு பொரிப்பகங்களில், பொரித்த நாளிலேயே வேண்டாதவையென்று ஒதுக்கப்பட்டவை. சாயம் தோய்த்துக் கூடையில் விற்கப்படுபவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவற்றுள் மிகுதியானவை அன்றே கொல்லப்படுகின்றன.

இந்நிலை நேர்ந்தது ஏனென்று குடியானவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளல் அவசியம். பண்டை நாட்களில் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த கோழி முட்டையும் இட்டது, இறைச்சிக்கும் உதவிற்று. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து முட்டைக்கு ஒரு கோழி, இறைச்சிக்கு ஒரு கோழி என்று இரு வேறு வமிசங்கள் பிரித்தெடுக்கப்பட்டன. பிராய்லர் என வழங்கும் இறைச்சிக் கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டுகிறது. முட்டைக் கோழியின் சேவற் குஞ்சோ, ஒரு கிலோவை எட்டுவதற்கே இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. முட்டையிடுவதுமில்லை, தின்ற தீவனத்துக்கு ஈடாகச் சதை வைப்பதுமில்லை. ஆகவே நாமக்கல் முதலாக உலகெங்குமுள்ள முட்டைப் பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மாத்திரமே வேண்டியிருக்கிறது. உலக முழுவதிலும் ஆண்டொன்றுக்குச் சுமார் 700 கோடிச் சேவற் குஞ்சுகள் பிறந்தவுடன் அழிக்கப்படுவதாக மதிப்பிடுகின்றனர். ஜெர்மனி தேசத்தில் மாத்திரம் ஆண்டுதோறும் 4½ கோடிக் குஞ்சுகள் இவ்வாறு மாண்டு வந்தன. 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து அத்தேசம் அதனைச் சட்டத்தால் தடுத்துவிட்டது.

பெரும் பண்ணைகளின் விஷயம் ஒருபுறமிருக்க, சிறு குடியானவரின் நஷ்டம் வேறொரு வகையானது. அவருக்குக் கிடைக்கும் குஞ்சுகள் பலவிடத்தும் ஆண் பெண் பிரிக்கப்படாதவை. நூறு குஞ்சு வாங்கினால் ஏறக்குறைய ஐம்பது சேவலாகத்தான் இருக்கும். கொண்டை சிவந்து பருத்து, கழுத்திறகு மாறி, இன்னது சேவல் என்று ஐயமின்றித் தெரிவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். அதற்குள் ஒவ்வொரு குஞ்சும் ஏறக்குறைய 2 கிலோ தீவனம் தின்றுவிடும். ஐம்பது சேவலுக்கு 100 கிலோ ஆயிற்று. அத்தீவனத்தில் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் உண்டு. காசிமேடு போன்ற மீன்பிடித் துறைகளில் விலைபோகாத சிறுமீனை உலர்த்திய தூளும் உண்டு. இவற்றுள் ஒன்றாவது விலை குறைந்து வருவதாகத் தோன்றவில்லை. முட்டைக்கென்று முதல் போட்டவர், தம் தீவனத்தில் பாதியை எதிர்பாராத சேவல்களுக்கு இட்டுவிட்டுப் பின்பு கணக்குப் பார்க்கிறார். நாட்டுச் சேவலுக்கு நல்ல விலை உண்டு என்பது மெய்யே. ஆயினும் சேவல் வளர்ப்பதென்று தீர்மானித்து வளர்ப்பது வேறு, ஏமாந்து வளர்ப்பது வேறு.

முட்டையைப் பார்த்தே உள்ளிருப்பது சேவலோ பெட்டையோ என்று கூறவல்லவராகத் தம்மைச் சொல்லிக்கொள்வோர் ஊருக்கு ஒருவர் இருக்கின்றனர். கூர்முனை முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பது ஒரு கூற்று. இது மிகப் பழைய நம்பிக்கை. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் நீண்டு கூர்மையாயிருப்பது பெட்டை என்று எழுதினார். ரோமாபுரி வேளாண்மை ஆசிரியர் கொலுமெல்லா அதனை நேர்மாறாக்கி, கூர்முட்டையே சேவல் என்றார். இருவரும் பேரறிஞர்கள், இருவரும் தவறினர். முட்டையின் வடிவம் தாய்க் கோழியின் கருக்குழாயின் அமைப்பைப் பொறுத்தது. ஒரே கோழி தன் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே வடிவ முட்டையை இட்டு, அவற்றிலிருந்து சேவலும் பெட்டையும் சமமாகவே பொரிக்கக் காண்கிறோம். நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டையின் மேல் ஆட்டிப் பார்க்கும் வித்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

பொரிக்கும் இயந்திரத்தின் சூட்டை ஏற்றியோ இறக்கியோ பெட்டைக் குஞ்சை மிகுவிக்கலாம் என்று கூறி விற்பவர்களிடம் குடியானவர் இன்னும் அதிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இவ்வெண்ணம் வந்த வழி தெரிந்ததே. சென்னைக் கடற்கரை மணலில் தை முதல் பங்குனி வரை கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கு, மணலின் சூடுதான் ஆண் பெண்ணை நிர்ணயிக்கிறது. சூடு மிகுந்த மணலில் பெண்ணும் குளிர்ந்த மணலில் ஆணும் மிகுதியாகப் பொரிக்கும். முதலைக்கும் சூடே நிர்ணயம். ஆமைக்கும் முதலைக்கும் பொருந்துவது கோழிக்குப் பொருந்தாது. கோழி முட்டையில் ஆண் பெண் பேதம் முட்டை இடப்படுவதற்கு முன்பே, கரு உண்டாகும் கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சூட்டைத் தாறுமாறாக்கினால் கருக்கள் சாகும். சாவது போக எஞ்சியதில் பெட்டை சற்று மிகுந்திருப்பினும், அதற்கு இலாபம் என்று பெயரிட இயலாது.

அந்நிர்ணயம் நிகழும் விதமாவது: உயிரணு ஒவ்வொன்றிலும் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் ஜோடி ஜோடியாக அமைந்திருக்கின்றன, கோழிக்கு 39 ஜோடிகள். அவற்றுள் ஒரு ஜோடியே பாலைத் தீர்மானிப்பது. சேவலிடத்தில் அந்த ஜோடியின் இரு இழையும் ஒரே வகை; அதனை இஸட் என்பர். பெட்டையிடத்தில் ஒன்று இஸட், மற்றொன்று அதனினும் மிகச் சிறியதாகிய டபிள்யூ. சேவல் தன் குஞ்சுகள் யாவற்றுக்கும் ஓர் இஸட் இழையையே கொடுக்க இயலும். பெட்டையோ தான் இடும் முட்டையில் இஸட் இழையை வைத்தால் அது சேவலாகும். டபிள்யூ இழையை வைத்தால் பெட்டையாகும். மனிதரிடத்தும் ஆடுமாடுகளிடத்தும் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே ஆணிடத்தில்தான் இரு வேறு இழைகள் உள்ளன, ஆகவே தந்தையின் வித்தே பிள்ளையின் பாலைத் தீர்மானிக்கிறது. பெண் குழந்தை பிறந்ததற்காக மனைவியை ஏசும் மூடர்கள் இன்னும் சில ஊர்களில் உளர். அப்பழியைத் தாயின் மேல் சுமத்த நியாயமுள்ள இடம் கோழிக்கூடு ஒன்றே.

இவ்வளவில் நின்றால் இது வெறும் படிப்பாகும். குடியானவருக்குப் பிரயோஜனமாவது இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவு. தாய்க் கோழி தன்னிடமுள்ள ஒரே இஸட் இழையைத் தன் சேவற் குஞ்சுக்கே கொடுக்கிறது. பெட்டைக் குஞ்சுக்குக் கொடுப்பதேயில்லை. பெட்டைக் குஞ்சு தன் இஸட் இழையைத் தந்தையிடமிருந்தே பெறுகிறது. ஆகவே இஸட் இழையில் அமைந்த குணம் எதுவாயினும், தாயினுடையது மகனுக்கும் தந்தையினுடையது மகளுக்குமாகக் குறுக்கே செல்லும். அக்குணம் குஞ்சின் உடம்பில் கண்ணுக்குத் தெரிவதாயின், பொரித்த நாளிலேயே ஆண் பெண்ணைப் பிரித்துவிடலாம்.

இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர்க்கு இராயபுரம், தண்டையார்பேட்டை மாடிகளே போதும். அப்பகுதிகளில் பந்தயப் புறா வளர்ப்போர் பலர். புறாவில் ஆண் பெண் காண்பது எளிதன்று; தேர்ந்தவரும் தவறுவதுண்டு. எனினும் நீலச் சாம்பல் நிறமும் செஞ்சாம்பல் நிறமும் இஸட் இழையில் அமைந்தவை, அவற்றுள் செஞ்சாம்பல் மேலோங்கும். நீலச் சாம்பல் ஆணையும் செஞ்சாம்பல் பெண்ணையும் ஜோடி சேர்த்தால், பிறக்கும் ஆண் குஞ்சுகள் யாவும் தாயைப்போலச் செஞ்சாம்பலாகவும், பெண் குஞ்சுகள் யாவும் தந்தையைப்போல நீலச் சாம்பலாகவும் இருக்கும். பெற்றோரின் நிறத்தை மாற்றி ஜோடி சேர்த்தாலோ இப்பிரிவு தோன்றாது. ஆணிடம் இரு இஸட் இழை இருப்பதால், செஞ்சாம்பல் ஆண் தன்னுள் நீலத்தை மறைத்து வைத்திருக்கவும் கூடும்.

கோழியில் இவ்வுண்மை கண்டறியப்பட்டு நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அமெரிக்காவில் ஸ்பில்மன் என்பவர் 1908-ஆம் ஆண்டில் பிளிமத் ராக் இனத்தின் வரி இறகு பாலோடு இணைந்து செல்வதை விளக்கினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பன்னட், முதல் உலக மகாயுத்தத்தில் தானியம் அருகிய காலத்தில், வேண்டாத சேவற் குஞ்சுகளுக்குத் தீவனம் வீணாகாதபடி நிறத்தாலேயே அவற்றை முதல் நாளில் பிரித்துவிடலாமென்று அந்நாட்டு வேளாண்மை அதிகாரிகளுக்கு எடுத்துக் காட்டினார். பின்னர்த் தம் மாணாக்கர் பீஸ் என்பவரோடு சேர்ந்து, கலப்பு வேண்டாமலே குஞ்சின் நிறத்தால் பால் தெரியும் தனி இனங்களையும் உண்டாக்கினார். பிற்காலத்தில் இந்தியாவையே தம் தாயகமாகக் கொண்டு 1964-இல் புவனேசுவரத்தில் காலமான ஹால்டேன், 1921-ஆம் ஆண்டிலேயே கோழியின் இந்த இழையிலுள்ள குணங்களின் இணைப்பைக் கணக்கிட்டு எழுதியவர். ஆயினும் இவ்வறிவு இந்நாட்டுக் குடியானவரின் கூடு வரை வந்து சேரவில்லை என்பதே வருந்தத்தக்கது.

பழக்கத்துக்கு வரத்தக்க கலப்புகள் மூன்று. முதலாவது, ரோட் ஐலண்டு சிவப்புச் சேவலை வரி இறகு பிளிமத் ராக் பெட்டையோடு சேர்ப்பது. குஞ்சுகள் யாவும் கறுப்பாய்ப் பொரிக்கும். தலையில் வெள்ளைப் பொட்டு உடையது சேவல், இல்லாதது பெட்டை. இரண்டாவது, அதே சிவப்புச் சேவலை வெள்ளி நிறக் குணமுள்ள பெட்டையோடு சேர்ப்பது. லைட் சசெக்ஸ் பெட்டை இதற்குப் பேர்போனது. இதில் வெளிறிய தூவியுடையது சேவல், செம்பொன் தூவியுடையது பெட்டை. பழுப்பு முட்டைக் கோழிகளில் இம்முறையே உலகெங்கும் பெருவழக்கு.

மூன்றாவது, நிறத்தைச் சாராதது. ஆகவே வெள்ளை லெகார்ன் போன்ற, வெண்மை மற்றெல்லா நிறத்தையும் மறைத்துவிடும் இனங்களுக்கும் ஏற்றது. சில கோழிகளுக்குச் சிறகு விரைவில் முளைக்கும், சிலவற்றுக்குத் தாமதமாக முளைக்கும். தாமதக் குணம் இஸட் இழையில் உள்ளது, அது மேலோங்கும். விரைவில் முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் சேர்த்தால், பெட்டைக் குஞ்சு தந்தையைப் போல விரைவாகவும் சேவற் குஞ்சு தாயைப் போலத் தாமதமாகவும் சிறகு முளைப்பதாக இருக்கும். குஞ்சின் சிறகை விசிறிபோல் மெல்ல விரித்துப் பார்த்தால், சிறகின் நீண்ட இறகுகள் அவற்றின் அடியை மூடும் இறகுகளைவிடத் தெளிவாக நீண்டிருப்பின் அது பெட்டை; இரண்டும் ஒரே நீளமாகவோ மூடும் இறகே நீண்டோ இருப்பின் சேவல். பொரித்த ஒரு நாளைக்குள் இதனைப் பார்த்துவிட வேண்டும். பின்னர் வேற்றுமை மங்கிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அரை மணியில் கற்பிக்கத்தக்க வித்தை இது.

மேற்கூறிய மூன்றிலும் சேவலும் பெட்டையும் சொன்னபடியே அமைதல் வேண்டும். மாற்றிச் சேர்த்தால் பயனில்லை. பிறந்த குஞ்சுகளையே மறுபடி தம்முள் சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் அடையாளம் குழம்பிவிடும். ஆகவே தாய்வழி, தந்தைவழி இரண்டையும் கலப்பின்றித் தனித்தனியே காப்பது அவசியமாகிறது. இதுவே இம்முறையின் இடர்ப்பாடு. தனிக் குடியானவர் தம் கொல்லையில் இதனைச் செய்வது அரிது, நிலையங்களே செய்தற்குரியது.

ஜப்பானியர் கையாண்ட வழி மற்றொன்று. மாசுய், ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானிய அறிஞர்கள் ஒரு நாள் குஞ்சின் கழிவாயின் உட்புறத்தே காணும் சிறு புடைப்பைக் கொண்டு ஆண் பெண் அறியும் முறையை 1920-களில் வெளியிட்டனர். தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு அளவில், நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பிழையின்றிப் பிரிப்பர். நெடுநாள் பயிற்சியும் கூரிய பார்வையும் வேண்டும் தொழில் அது. விகாரமாகக் கையாண்டால் குஞ்சு மடியும்.

“பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா” என்பது பழமொழி. பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாதென்று அதனை உடனே அறுத்துவிடுவதும் கிராமங்களில் உண்டு. பெட்டை கூவுவது அபசகுனமன்று, ஒரு நோய். பெட்டைக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றே வளர்ச்சியடைகிறது. வலப்பக்கத்தது கருவிலேயே சுருங்கி நின்றுவிடும். கட்டியாலோ நோயாலோ இடப்பக்கச் சினைப்பை அழியுமாயின், உறங்கிக் கிடந்த வலப்பக்கத்து உறுப்பு விரையைப்போல் வளரத் தலைப்படும். அப்போது கொண்டை பெருக்கும், சேவலின் இறகு முளைக்கும், கூவும். எடின்பரோவில் கிரூ என்னும் ஆசிரியர் 1923-இல் விவரித்த ஆர்பிங்டன் கோழியொன்று, முதலில் முட்டையிட்டுப் பின்னர் இவ்வாறு மாறிக் குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆயிற்று. இதற்குப் பல நூறாண்டு முன்னர், 1474-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட சேவலொன்று விசாரணைக்குப் பின் தீயிலிடப்பட்டது. கூவும் பெட்டையை அறுப்போர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இதைக் கண்டு, மருந்தாலோ ஊசியாலோ சேவற் குஞ்சைப் பெட்டையாக மாற்றி முட்டையிடச் செய்யலாமென்று எவரேனும் கருதுவாராயின், அண்மைய ஆராய்ச்சிகள் அவ்வாசையைப் போக்கிவிட்டன. சில கோழிகள் மிக அரிதாக ஒரு பாதி சேவலும் மறு பாதி பெட்டையுமாகப் பிறக்கின்றன. ஒருபுறம் பெரிய தாடியும் கால்முள்ளும், மறுபுறம் பெட்டையின் சிறிய உடலமைப்பும். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிலையத்தார் 2010-ஆம் ஆண்டில் இவற்றை ஆராய்ந்து, உடம்பெங்கும் ஓடும் இரத்தமும் அதிலுள்ள சுரப்பு நீரும் ஒன்றேயாயினும், ஒவ்வொரு புறத்து உயிரணுவும் தன் தன் பாலின்படியே வளர்கிறது என்று கண்டனர். ஆஸ்திரேலிய அறிஞர்கள் 2009-இல், இஸட் இழையிலுள்ள டி.எம்.ஆர்.டி.1 என்னும் ஜீனை அடக்கினால் ஆண் கருவின் விரை சினைப்பையின் தன்மையை அடைவதைக் காட்டினர். அந்த ஜீன் சேவலிடம் இரண்டு, பெட்டையிடம் ஒன்று. ராஸ்லின் நிலையத்தார் 2021-இல் வெளியிட்டபடி, சேவலிடம் அதில் ஒன்றைச் செயலிழக்கச் செய்தால் விரைக்குப் பதிலாகச் சினைப்பையே வளர்கிறது. ஆனால் அப்பறவையின் கொண்டையும் தாடியும் உடற்கட்டும் சேவலினுடையனவாகவே இருந்தன. சினைப்பை உண்டானதால் மாத்திரம் அது முட்டைக் கோழியாகிவிடவில்லை. எனவே பால் மாற்றும் மருந்தென்று எவர் எதைக் கொண்டு வந்தாலும், பணம் கொடுக்காமல் அனுப்பிவிடுதல் நலம்.

சேவற் குஞ்சைக் கொல்லக் கூடாதென்று சட்டமியற்றிய பின் ஜெர்மனியில் முட்டைக்குள்ளிருக்கும்போதே பாலறியும் இயந்திரங்கள் வேலை செய்கின்றன. ஒன்பதாம் நாளில் ஓட்டில் நுண்துளையிட்டு ஒரு துளி நீரை எடுத்துப் பெண் சுரப்புநீர் உண்டா என்று பார்ப்பது ஒரு முறை. பழுப்பு முட்டை இனங்களில், சுமார் பதின்மூன்றாம் நாளில் ஓட்டினூடே ஒளி செலுத்தி, உள்ளே அரும்பும் இறகின் நிறத்தைக் காண்பது மற்றொன்று. இது பன்னட் குஞ்சில் கண்ட அதே வெள்ளி, பொன் அடையாளத்தை முட்டைக்குள் காண்பதேயன்றி வேறன்று. இஸ்ரவேல் நாட்டு வொல்கானி நிலையத்தார் 2022-இல் அறிவித்த முறை இன்னும் விந்தையானது. தாய்க் கோழியின் இஸட் இழையில், நீல ஒளி பட்டால் கருவின் வளர்ச்சியை நிறுத்தும் ஒரு ஜீனை அமைத்துள்ளனர். தாயின் இஸட் மகனுக்கே செல்வதால் சேவற் கரு தொடக்கத்திலேயே நின்றுவிடும்; பெட்டைக் குஞ்சிடம் அம்மாற்றம் சிறிதும் இராது. நூறாண்டுக்கு முந்திய இறகுச் சோதனைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

இவ்வியந்திரங்கள் விலை மிக்கவை. இவை வரும் வரை காத்திருப்பதற்குத் தமிழ்நாட்டில் காரணமொன்றும் இல்லை. எண்ணூர், மணலி ஆலைகளுக்கு மேற்கே, வடசென்னையின் எல்லைக்குள்ளேயே மாதவரத்தில், 1989-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் உள்ளது. 1903-இல் வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அதன் மூத்த அங்கம். நந்தனம் என்னும் பெயர் தாங்கிய கோழியும் வான்கோழியும் காடையும் அப்பல்கலைக்கழகத்தார் உருவாக்கியவை. காடையில் மூன்று வாரத்திலேயே மார்பிறகின் நிறத்தால் ஆண் பெண் தெரிந்துவிடுவதைக் காடை வளர்ப்போர் அறிவர். கோழியிலும் அத்தகைய வசதியைக் குடியானவருக்கு அளிக்க வேண்டிய அறிவும் ஆளும் அங்கு உண்டு. புதிய கொல்லைக்கோழி வகைகளை உருவாக்கும்போது, முட்டை எண்ணிக்கையையும் நோய் தாங்கும் வலிமையையும் நோக்குவது போலவே, தாய்வழியில் தாமத இறகும் தந்தைவழியில் விரைவு இறகும் அமையுமாறு தெரிந்தெடுத்தல் வேண்டும். வகையொன்று வெளியிடப்படும்போது முதல் நாளில் பாலறியும் அடையாளம் அதற்கு உண்டா இல்லையா என்பதும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதப்படுதல் வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் தடைகள் இரண்டு. நாட்டுக்கோழி பல நிறமாக இருந்தால்தான் சந்தையில் மதிப்பு என்பது ஒன்று. இறகு முளைக்கும் வேகத்தை அடையாளமாகக் கொண்டால் நிறத்தில் கைவைக்க வேண்டியதில்லை. சிறுவிடை, பெருவிடை முதலான நாட்டினங்கள் தலைமுறை தலைமுறையாகக் கலந்து கிடக்கின்றன, அவற்றில் விரைவுக்கும் தாமதத்துக்கும் கலப்பற்ற வமிசம் கிடைப்பது கடினம் என்பது மற்றொன்று. இத்தடை மெய்யானதே. தாமத இறகுக் குணத்தோடு சில வெளிநாட்டு வமிசங்களில் ஒருவகை வைரசின் கூறும் ஒட்டி வருவதால், எந்தக் கோழியை எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. கடினமென்பதற்காகவே இது தனியார் செய்யாத வேலை. பொதுப்பணத்தால் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்கள் செய்யத்தக்க வேலை.

குஞ்சின் பாலை முதல் நாளிலேயே அறிவது, சேவற் குஞ்சைக் கொல்வதற்கு வசதி செய்வதேயன்றோ என்று ஜீவகாருண்யமுடையோர் கேட்கக் கூடும். முட்டைக்கென்றே பிரிந்த இனங்களில் அவ்விபரீதம் இன்று நடந்துவருவதே. சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியைப் பெரிதும் சார்ந்து உருவான 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், பிராணிகளுக்கு அவசியமற்ற துன்பம் இழைத்தலைக் குற்றமாக்கியுள்ளது. சாயத் தொட்டியில் முக்கி விளையாட்டுப் பொருளாக விற்பது எந்த வகையில் அவசியம் என்று அதிகாரிகள் கேட்டால், விடை கூறுவோர் இருக்கமாட்டார்கள். கொல்லைக்கோழியின் நிலைமை வேறு. அங்கே சேவலுக்கு விலையுண்டு. தை, ஆடி மாதங்களில் கோயில் பொங்கலுக்கும் நேர்த்திக்கடனுக்கும் தேவை மிகுதி. முதல் நாளே பிரித்துவிட்டால், சேவல் வேண்டுவோர் சேவலையே மலிவாக வாங்கி, பெட்டைக்கு வேண்டும் சுண்ணாம்புச் சத்து முதலியவை இல்லாத எளிய தீவனமும் மேய்ச்சலும் தந்து, மூன்று நான்கு மாதத்தில் விற்றுவிடலாம். இரு பாலும் கலந்து வளரும்போது வலிய சேவல் தீவனத் தட்டை அடைத்துக்கொண்டு விடைக்கோழியை ஒதுக்கிவிடுவதும் நீங்கும்.

அரசாங்கம் அவ்வப்போது கிராமப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை மானியமாக வழங்கி வந்திருக்கிறது. இவ்வகை வழங்கலில் பயனாளிக்கு எத்தனை பெட்டை, எத்தனை சேவல் என்று எழுத்தில் கொடுப்பதை விதியாக்குதல் வேண்டும். முட்டை விற்றுக் குடும்பம் நடத்தலாமென்று எண்ணிக் குஞ்சு வாங்கும் ஏழைப் பெண்ணின் கூட்டில் முக்காலும் சேவலாகிவிட்டால், பதிவேட்டில் திட்டம் நிறைவேறியதாகத்தான் இருக்கும். அவள் வீட்டில் முட்டை இராது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பயனாளிகள் பட்டியலைச் சரிபார்ப்பதோடு, எட்டு வாரங்கழித்து ஒருமுறை சென்று கூட்டில் சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்று எண்ணி எழுதிவைத்தால், அடுத்த முறை குஞ்சு அனுப்பும் பண்ணைக்கு அக்கணக்கே தக்க பதிலாகும்.

இனி வரும் பருவத்துக்குக் குஞ்சு பதிவு செய்வோர், விலை கேட்கும் முன்பு, குஞ்சு பால் பிரித்ததா, பிரித்ததாயின் இறகாலா நிறத்தாலா கழிவாய்ச் சோதனையாலா, நூற்றுக்கு எத்தனை பிழை வரை பண்ணை பொறுப்பேற்கும் என்ற மூன்றையும் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்க. இறகால் பிரித்தது என்றால், பெட்டி வந்து சேர்ந்த அன்றே பத்துக் குஞ்சுகளையேனும் எடுத்து, வெளிச்சமுள்ள இடத்தில் சிறகை விரித்துத் தாமே ஒருமுறை பார்த்துவிடுக. மறுநாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது.